அடைப்புக்குறிக்குள் நான்கு வாக்கியம்

பென்சிலின் கணவர் நின்றபடியே செத்தார். விழ இடமில்லை.

சேமிப்பு நிறுவனத்தின் வாசலில் இழுத்துச் சாத்தும் இரும்புக் கம்பிக் கதவு. அன்று காலை ஏழரைக்கே போய் அதன்முன் முதல் ஆளாக நின்றுகொண்டார். கடைசல் பட்டறையில் முப்பது வருஷம் முதல் ஷிப்டுக்கு முதல் ஆளாகப் போன பழக்கம். அந்தப் பழக்கம்தான் எமனாக வந்தது. ஒன்பது மணிக்கு முதுகுக்குப் பின்னால் தெரு அடைத்து நின்றது. ஒன்பதே காலுக்கு, "உள்ள ஒண்ணும் இல்லையாம், காலியாம்" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளியது. கதவு அசையவில்லை. நல்ல கதவு. அவர் மூச்சை வெளியே விட்டார். திரும்ப இழுக்க மார்பு விரியவில்லை. அவரோடு சேர்த்துப் பதினான்கு பேர். செத்தவர்கள் உயிரோடிருந்தவர்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நின்றார்கள். போலீஸ் தடியால் அடித்துக் கூட்டத்தைக் கலைத்த பிறகுதான், சுவரில் சாத்தி வைத்த பலகைகள் சரிவதுபோல ஒவ்வொருவராகச் சரிந்தார்கள்.

பிணவறையில் மகள் அடையாளம் காட்டினாள். அவள் லிப்ட் பழுதுபார்ப்பவள். எடை, தாங்குதிறன் என்றே யோசித்துப் பழகியவள். அப்பாவின் இடது கன்னத்தில் கதவுக் கம்பியின் சாய்சதுரம் பதிந்திருந்தது. எட்டு விலா எலும்பு ஒடிந்திருந்தது.

"எத்தனை பேர் தள்ளியிருப்பாங்க?" என்று பென்சில் கேட்டாள்.

"தெருவே வேண்டாம்மா. நேர் பின்னால இருபது பேர் போதும்."

அவர் மூச்சு நின்ற நேரத்தில் பென்சில் சட்டமன்றத்தின் நடுவில் உட்கார்ந்து அமைச்சரின் பேச்சை எழுதிக்கொண்டிருந்தாள். "மக்களின் சேமிப்புக்குக் கடுகளவும் ஆபத்தில்லை." நோட்டில் நேரம் குறித்திருந்தாள். ஒன்பது இருபத்தொன்று.

அவள் மன்றத்தில் சுருக்கெழுத்தாளர். உறுப்பினர்கள் பேசப் பேச எழுதுவது வேலை. பத்து நிமிஷத்துக்கு ஒருவர் முறை வைத்து எழுதுவார்கள். முறை முடிந்ததும் பின்னறைக்குப் போய், தான் எழுதியதைத் தானே படித்துத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அதுதான் அச்சாகி மன்றத்தின் பதிவாக நிற்கும். கொண்டையில் எந்நேரமும் இரண்டு பென்சில் செருகியிருப்பாள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் வாயிற்காவலர் வைத்த பெயர் இருபத்தெட்டு வருஷமும் ஒட்டிக்கொண்டது. சபாநாயகர்கூட ஒருமுறை வாய்தவறி "பென்சில் அம்மா" என்றிருக்கிறார். அதை அவள் பதிவில் சேர்க்கவில்லை.

எழுதி முடித்த பழைய நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் போட்டுவைப்பாள். நடுவில் மிஞ்சிய வெற்றுத் தாளைக் கிழித்துக் கடைக்குச் சீட்டு எழுதிக் கணவரை அனுப்புவாள். அவசரத்தில் அதையும் சுருக்கெழுத்திலேயே கிறுக்கிவிடுவாள்.

"முட்டைன்னு எழுதினேன், மெழுகுவர்த்தியோட வந்து நிக்கிறீங்க?"

"இது முட்டையா? ஏதோ கொசு செத்து ஒட்டியிருக்குன்னு நெனச்சேன். கடைக்காரன்தான் மெழுகுவர்த்தின்னு படிச்சான்."

"அவன் படிச்சானாம், இவர் வாங்கினாராம்."

"உன் கையெழுத்தைப் படிக்கணும்னா ஒண்ணு நீ வரணும், இல்ல கோழி வரணும்."

இப்படித்தான் அந்த வீடு சிரித்துக்கொண்டிருந்தது.

சேமிப்பு நிறுவனங்களுக்கான புதுச் சட்டம் வந்தது அவர் சாவதற்கு ஆறு வருஷம் முன்பு. அதுவரை எந்தச் சேமிப்பு நிறுவனமானாலும் மக்கள் போடும் ஒவ்வொரு நூறிலும் இருபதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை, சொல்லாமல் கொள்ளாமல், அரசாங்கத் தணிக்கையாளர் வந்து பெட்டகத்தைத் திறக்கச் சொல்வார். சட்டம் இரண்டு விதியையும் ஒரே நாளில் தூக்கியது. "கட்டிப்போட்ட குதிரை பந்தயத்தில் ஜெயிக்காது" என்றார் அமைச்சர். மேசைகள் அதிர்ந்தன.

எதிர்வரிசைக் கடைசி இருக்கையிலிருந்து ஓர் உறுப்பினர் அனுமதி கேட்காமலே எழுந்தார். "குதிரை குப்புற விழுந்தா யாருங்க பொறுப்பு?"

அமைச்சர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். பென்சில் எழுதினாள்.

"என்னைக் கேளுங்க. இது வேண்டாம்னு என் ஆபீசருங்க மூணு தடவை எழுதிக் குடுத்தாங்க. மூணையும் நான்தான் தூக்கிப் போட்டேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா வந்து என் சட்டையைப் புடிங்க."

பதினொரு விநாடிப் பேச்சு. மறுபடியும் மேசைகள் அதிர்ந்தன.

பின்னறையில் தட்டச்சு செய்யும்போது அந்த இடத்தில் கை நின்றது. தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சபாநாயகர் அனுமதிக்காமல் எழுந்தவரின் பேச்சு பதிவில் ஏறாது. கேள்வி ஏறாவிட்டால் பதில் தலையில்லாத முண்டம். அம்மாதிரி இடங்களில் இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு சொல் போடுவார்கள். அவளும் போட்டாள். (குறுக்கீடு). யாரும் மிரட்டவில்லை. யாரும் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் அவளுக்கு அன்றே உறுத்தியது. அந்த அமைச்சர் தன் பேச்சில் ஒரு சொல் மாறினாலும் பொறுக்காதவர். "நான் 'ஆனாலும்'னு சொன்னேன், நீங்க 'ஆனால்'னு போட்டிருக்கீங்க" என்று இருபது வருஷமாகப் பின்னறைக்குப் போன் செய்கிறவர். அவருடைய நான்கு வாக்கியம் முழுதாகக் காணாமல் போன அன்று மட்டும் போன் வரவில்லை.

பிறகு தெருவுக்கு மூன்று சேமிப்பு நிறுவனம் முளைத்தது. இரட்டை வட்டி என்றார்கள். பட்டறைக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டார்கள். "மன்றத்துல சட்டமே போட்டுட்டாங்களே, நீயே எழுதினியே" என்று சொல்லித்தான் கணவரும் தன் ஓய்வுப் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டார். அவள் மறுக்கவில்லை.

அவர் செத்த வாரமே ஊர் பற்றிக்கொண்டது. ஒரு கிளை மேலாளரைப் படிக்கட்டு வழியே காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். தலை ஒவ்வொரு படியிலும் இடித்தது. ஒரு காசாளர்ப் பெண்ணுக்குக் பேப்பர்வெயிட் பட்டு ஒரு கண் போயிற்று. அவளே அந்த நிறுவனத்தில் பணம் போட்டு ஏமாந்தவள். பாலத்தடியில் போலீஸ் சுட்டதில் ஆறு பேர். தெருவைத் தண்ணீர் வண்டி வந்து கழுவியது.

நாற்பதாம் நாள் விசாரணைக் குழு அமைத்தார்கள். அமைச்சர் வானொலியில் பேசினார்: "எந்த அதிகாரியும் என்னை எச்சரிக்கவில்லை. எச்சரித்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா?" கோப்புகளைத் தேடினார்கள், அந்த மூன்று குறிப்பும் இல்லை. எச்சரிக்கத் தவறினார் என்று, அவற்றை எழுதிய அதிகாரியையே பிடித்து உள்ளே போட்டார்கள். கூட்டம் அவர் வீட்டுக்குள் புகுந்து அவர் மகனின் காலைக் கதவிடுக்கில் வைத்து ஒடித்தது.

பென்சில் வானொலியை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

நோட்டு கிடைத்தது. மறுநாள் தலைமைச் சுருக்கெழுத்தாளரிடம் சொன்னாள். அவரும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"பென்சில், அதைக் கொளுத்திட்டு வேலையைப் பாரு."

"குழு முன்னாடி படிச்சுக் காட்டணும் சார்."

"படிச்சா முதல் கேள்வி என்ன தெரியுமா? ஏன் வெட்டினேன்னு. உன் பென்ஷன் போகும். ஊரே உன்னைக் கிழிக்கும்."

"கிழிக்கட்டும். வெட்டினது நான்தானே."

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றார் அவர். அவர் யாரிடம் சொன்னார் என்பது தெரியாது. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவன் ரொம்ப மரியாதைக்காரன். செருப்பை வாசலிலேயே விட்டான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த நோட்டைக் குடுத்தா போயிடுவோம்." மற்றவன் கையில் சுத்தியல். கணவருடைய கருவிப்பெட்டியிலிருந்து எடுத்தது. கைப்பிடியில் அவர் சுற்றிய துணி அப்படியே இருந்தது.

"எந்த நோட்டு?"

சுத்தியல்காரன் அவள் வலது கையை மேசைமேல் அழுத்திப் பிடித்துச் சுண்டுவிரலில் அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் அடுத்த அறைச் சுவரில் கேட்டிருக்கும். அவள் கத்தினாள். மேல்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

"எழுதுற கைங்க அக்கா. பாத்துச் சொல்லுங்க." மரியாதைக்காரன் அந்தப் பேச்சு நடந்த தேதியைச் சொன்னான்.

மோதிர விரல். நடுவிரல். வாயில் ரத்தம்; நாக்கைக் கடித்திருந்தாள். நான்காவதாகச் சுத்தியல் ஓங்கியபோது இடது கையால் கட்டிலுக்கு அடியில் காட்டினாள். பதினேழு நோட்டு. அட்டையில் எண்ணால் தேதி எழுதிய நோட்டுகள். அவர்கள் சொன்ன மாதம் அட்டையில் இருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தார்கள். சுழியும் கோடும் புள்ளியும். மரியாதைக்காரன் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தான்.

"இதுதானா?"

"அதுதான்" என்றாள்.

அடுப்பில் வைத்து எரித்தார்கள். கடைசித் தாள் சாம்பலாகும்வரை நின்றார்கள். போகும்போது மற்றவன் மேசையருகே வந்து ஆள்காட்டி விரலையும் ஒடித்துவிட்டுப் போனான், சும்மா, கணக்குக்கு.

மகள் வந்து பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்து, வீங்கிய கையை வாளித் தண்ணீரில் விட்டிருந்தாள். தண்ணீர் சிவந்திருந்தது.

"அம்மா! யாரும்மா? நோட்டு?"

"போயிடுச்சு. அது வேற நோட்டு." மூச்சு வாங்கினாள். "நாங்க நோட்டைப் பாதி எழுதினதும் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து தொடங்குவோம். அட்டையில முன்பக்கத் தேதிதான் இருக்கும். அந்த நாள் பேச்சு அஞ்சு மாசத்துக்கு முந்தின நோட்டோட முதுகுல இருக்கு."

மகள் தன் கருவிப்பையிலிருந்து தட்டையான இரண்டு தகட்டுத் துண்டை எடுத்து, விரல்களுக்குத் தாங்கு வைத்துக் கட்டினாள்.

"முட்டாப் பசங்க" என்றாள் பென்சில். "கையை ஒடிச்சிருக்கானுங்க. படிக்கிறதுக்குக் கண்ணு போதாதா?"

விசாரணை நாளன்று கூடம் நிரம்பி, வாசலில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். செத்தவர்களின் வீட்டார் படம் ஏந்தி வெயிலில் நின்றார்கள். உள்ளே அமைச்சர் முன்வரிசையில், கஞ்சி போட்ட சட்டையில். பக்கத்தில் அவருடைய வக்கீல். நீதிபதியின் காலடியில் ஒரு சின்னப் பெண் சுருக்கெழுத்து எழுதினாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.

பென்சில் கட்டுப்போட்ட கையோடு கூண்டில் ஏறினாள். நோட்டை மகள் பிரித்து வைத்தாள். பென்சில் முதல் மூன்று வாக்கியத்தைப் படித்தாள். கூடம் அடங்கியது.

வக்கீல் எழுந்தார். "இது பதிவில் இல்லையே அம்மா?"

"இல்லைங்க. நான் வெட்டினேன்."

"நீங்களேவா?"

"நானேதாங்க. குறுக்கீடுன்னு ஒரு வார்த்தை போட்டேன். வழக்கம் அது. தப்பு என்னுது."

வெளியே ஒலிபெருக்கியின் கீழ் ஓர் இரைச்சல் எழுந்தது.

"ஆக, அரசாங்கப் பதிவைத் திருத்தினவங்க. புருஷன் செத்த ஆத்திரத்துல இருக்கிறவங்க. உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாத கோழிக்கிறுக்கல். இதை நாங்க நம்பணும்?"

அமைச்சர் சிரித்தார். நீதிபதி கன்னத்தைச் சொறிந்தார். பென்சிலுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை அடி வாங்கிக் காப்பாற்றிய தாள் இந்தக் கூடத்தில் வெறும் கிறுக்கல். இதோடு போகும்.

"இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருக்குங்க."

"படிங்க" என்றார் நீதிபதி.

அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு முன்வரிசையைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, தாளில் இல்லாத ஒன்றைப் படித்தாள்.

"'நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.'"

"யார்?" அமைச்சர் எழுந்துவிட்டார். "நானா? கால்ல விழுறேன்னு நானா சொன்னேன்? என் சட்டையைப் புடிங்கன்னு சொன்னேன்! ஆம்பிளை மாதிரி சொன்னேன்! மன்றமே மேசையைத் தட்டிச்சு, வார்த்தையை மாத்தாதே!"

வக்கீல் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். தாமதமாகிவிட்டது.

சின்னப் பெண்ணின் பென்சில் தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அனுமதியில்லாமல் எழுந்தவரின் பேச்சு. அவளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

"நிறுத்தாதம்மா" என்றாள் பென்சில். "அதையும் எழுது. முழுசா எழுது."

பெண் நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள். நீதிபதி தலையசைத்தார். அவள் பென்சில் தாளில் இறங்கியது.

அதற்குப் பிறகு, தாளில் உண்மையாக என்ன இருந்தது என்பதைப் பென்சில் படித்துக் காட்டினாள். தான் ஏன் மாற்றிப் படித்தாள் என்பதையும் சொன்னாள். யாரும் குறுக்கிடவில்லை.

அமைச்சரைப் போலீஸ் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனது. இரண்டு வண்டி, கறுப்புக் கண்ணாடி. சாட்சிகள் முன்வாசல் வழியாகப் போகலாம் என்றார்கள்.

படியில் இறங்கும்போதே கூட்டம் அவளை அடையாளம் கண்டுகொண்டது. கட்டுப்போட்ட கை, கொண்டையில் பென்சில். ஒரு பெண் படத்தை மார்போடு அணைத்தபடி முன்னால் வந்தாள்.

"நீதானேடி அழிச்சவ?"

"ஆமாம்மா."

"அன்னைக்கே எழுதியிருந்தா ஊருக்குத் தெரிஞ்சிருக்குமே! ஆபீசருங்களே வேண்டாம்னாங்கன்னு தெரிஞ்சிருந்தா என் வீட்டுக்காரன் அங்க போட்டிருப்பானா? அந்தக் கதவுல நசுங்கிச் செத்திருப்பானா?"

"என் வீட்டுக்காரரும் அந்தக் கதவுலதாம்மா."

"அப்போ அவரையும் நீதான் கொன்னே!"

"ஆமாம்" என்றாள் பென்சில். மகள் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தப்புதாம்மா."

அந்தப் பெண் அடிக்கவில்லை. உட்கார்ந்து அழத் தொடங்கினாள். முதல் கல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மகள் கருவிப்பையைத் தூக்கித் தடுத்தாள். இரண்டாவது படியில் பட்டுத் தெறித்தது. மூன்றாவது, நடைபாதையில் பெயர்த்த துண்டு, விளிம்பு கூரானது. பென்சிலின் இடது பொட்டில் இறங்கியது. அவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள், களைத்தவள் உட்காருவதுபோல. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். கூட்டத்தில் சிலர் அப்போதும் எறிந்துகொண்டிருந்தார்கள். மகள் அவள்மேல் கவிழ்ந்து படுத்தாள். முதுகில் நான்கு, பின்மண்டையில் ஒன்று. போலீஸ் மெதுவாக வந்தது.

வாடகை ஆட்டோவின் பின்னிருக்கையில் அம்மாவின் தலை மகளின் மடியில். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நிற்காது என்று மகளுக்குத் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு எழுதிட்டாளா?"

"எழுதிட்டாம்மா."

"முழுசா?"

"முழுசா. பேசாதம்மா."

"எதையும் வெட்டலையே?"

"வெட்டல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு திருப்பம் இருந்தது.

அறிக்கை பதினெட்டு மாதம் கழித்து வெளிவந்தது. அறுநூற்றுப் பதினான்கு பக்கம். அமைச்சர் ஜாமீனில் இருக்கிறார். கஞ்சி போட்ட சட்டை மாறவில்லை. பென்சில் செத்ததைப் பற்றி அறிக்கையில் ஒரே வரி: விசாரணை முடிந்தபின் வாயிலில் சிறு சலசலப்பு.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான்கு வாக்கியமும் இருக்கின்றன. அவற்றின் கீழே, அமைச்சர் எழுந்து கத்தியதும் ஒரு சொல் விடாமல் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எங்கும் அடைப்புக்குறி இல்லை. மகள் இரண்டு முறை சரிபார்த்தாள்.